திடலா, மண்டபமா?

பொருட்காட்சியை எங்கே வைப்பது என்பதும் ஓர் அரசியல் பிரச்சினையா என்று கேட்பர் சிலர். வசதிப்பட்ட இடத்திலே வைக்கிறார்கள், வேண்டியவர் போகிறார், வேண்டாதவர் வீட்டிலே இருக்கிறார், இதற்கொரு தலையங்கமா என்றும் கேலி பேசுவர். பேசட்டும். நாம் சொல்கிறோம், தோழர்களே, இதுவும் அரசியல்தான். உழைத்துப் பிழைப்பவன் உற்றுக் கவனிக்க வேண்டிய அரசியல். கடை விரிக்கிற இடத்தைப் பார்த்தாலே, யாரை எதிர்பார்த்து விரிக்கிறார்கள் என்பது விளங்கிவிடும். மரத்தடியில் விரித்த கடைக்கு வழிப்போக்கன் வருவான். குளிர்சாதன மண்டபத்துக்குள் விரித்த கடைக்குக் காரில் வருகிறவன் வருவான். வழிப்போக்கனுக்கு அங்கே வாசலிலேயே கூச்சம் வந்துவிடும். சட்டம் எதுவும் அவனைத் தடுக்கவில்லை. பளிங்குத் தரையும் சீருடைக் காவலாளியும் தடுத்துவிடுகின்றன.

இதை நாம் செஞ்சியிலே நின்றுகொண்டு பேசுகிறோம். காரணம் உண்டு. 2025 சூலை 11ஆம் நாள் யுனெஸ்கோ நிறுவனம், மராட்டியர் காலப் படைத்தளங்கள் என்று 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. பதினொன்று மராட்டிய மாநிலத்திலே. மீதி ஒன்று நம் செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் ஆகிய மூன்று குன்றுகளையும் மதிலால் வளைத்துப் பிடித்து நிற்கும் அந்தக் கோட்டையைச் சிவாஜி 1677இல் பிடித்தார். அவர் மகன் இராஜாராம் 1690 முதல் 1698 வரை அங்கிருந்து மொகலாயப் படையை எதிர்த்து நின்றார் என்பது வரலாறு. தேசிங்குராஜன் கதை நம் தெருக்கூத்தறிந்த கதை. அதை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

உலகப் பட்டியலில் இடம் பிடித்த ஊருக்கு விழா வரும், சுற்றுலாக்காரர் வருவர், அவர்களைத் தொடர்ந்து கைவினைப் பொருட்காட்சி, உணவுத் திருவிழா, புத்தகத் திருவிழா எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேரும். உலகெங்கும் நடப்பது அதுதான். வரட்டும், வரவேற்கிறோம். ஆனால் வந்தால் எங்கே வைப்பார்கள்? கோட்டைக்குள்ளேயா? பள்ளி மைதானத்திலா? ஏதேனும் ஒரு கலியாண மண்டபத்திலா? வந்தபிறகு யோசித்தால் காலம் கடந்துவிடும். ஆகவேதான், மற்ற ஊர்களில் இந்த இடமாற்றம் எப்படி நடந்தது, யாருக்கு இலாபம், யாருக்கு நட்டம் என்று ஒரு கணக்குப் பார்த்துவிடுவோம் என்கிறோம்.

சென்னைப் புத்தகக் கண்காட்சியை எடுத்துக்கொள்வோம். புத்தகம் என்பதாலே அதைக் கலை நிகழ்ச்சி என்று எண்ணிவிட வேண்டாம். அது பதிப்புத் தொழிலின் வணிகக் கண்காட்சி. அச்சகத் தொழிலாளி, கட்டடம் செய்பவர், சுமை தூக்குபவர், விற்பனைப் பையன் என்று எத்தனையோ பேரின் வயிறு அதில் அடங்கியிருக்கிறது. பபாசி என்று சுருக்கமாக அழைக்கப்படும் தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கம் 1977இல் அதைத் தொடங்கியது. அண்ணா சாலையில் மதரசா-இ-ஆஸம் பள்ளி வளாகம், 22 கடைகள், அவ்வளவே. பிறகு அதே சாலையில் காயிதே மில்லத் கல்லூரி வளாகத்தில் ஆண்டுக்கணக்கில் நடந்தது. அலுவலகம் விட்டு வந்த குமாஸ்தா, பேருந்துக்கு நின்ற தொழிலாளி, படம் பார்க்க வந்து சீட்டுக் கிடைக்காதவன், எல்லாரும் நுழைந்து பார்த்த கண்காட்சி அது. அண்ணா சாலை என்ற இடமே பாதி விளம்பரம்.

2007இல் அது பூந்தமல்லி நெடுஞ்சாலையில் செயிண்ட் ஜார்ஜ் பள்ளித் திடலுக்குப் போயிற்று. 2013இல் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி மைதானம். 2015 திசம்பரில் சென்னையை மூழ்கடித்த வெள்ளத்தால் அடுத்த சனவரியில் நடக்க வேண்டியது நடக்காமல், 2016 சூன் மாதம் தீவுத்திடலிலே நடந்தது. மறுபடியும் செயிண்ட் ஜார்ஜ்; 2019 முதல் மறுபடியும் நந்தனம். இருபத்திரண்டு கடை, தொள்ளாயிரம் வரை பெருகிவிட்டது. இத்தனை இடம் மாறியும் ஒன்று மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாம் திறந்த வெளி. தகரமும் மூங்கிலும் துணியும் கொண்டு போட்ட கொட்டகை. வாசலில் சிறு தொகைக்கு ஒரு சீட்டு. பத்து ரூபாய்தான் பல ஆண்டுகளாக இருந்த கட்டணம். வெளியே நடைபாதையில் பழைய புத்தகக் கடை; வேர்க்கடலை வண்டி; சுண்டல். உள்ளே புதுப் புத்தகம் வாங்க இயலாதவன் வெளியே நடைபாதையில் பாதி விலைக்குப் பழைய புத்தகம் வாங்கிக்கொண்டு போவான். அதுவும் கண்காட்சியின் கணக்கிலே சேரத்தான் வேண்டும். எந்த அறிக்கையிலும் அது சேருவதில்லை.

வேறொரு கண்காட்சியும் உண்டு. தமிழ்நாடு அரசு 2023 சனவரி 16, 17, 18 ஆகிய நாட்களில் சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சி என்று ஒன்றைத் தொடங்கியது. முதலாண்டு அதே நந்தனம் மைதானத்தில் நடந்தது. மறு ஆண்டு, 2024இல், நந்தம்பாக்கம் சென்னை வர்த்தக மையத்துக்கு மாற்றப்பட்டது. திடலிலிருந்து மண்டபத்துக்கு! இதிலே நமக்கு மாறுபாடு உண்டா? இல்லை. சொல்லப்போனால் அது சரியான மாற்றமே. அங்கே புத்தகம் விற்பதில்லை. புத்தகத்தின் உரிமை விற்கப்படுகிறது. தமிழ் நூலை வேறு மொழியில் வெளியிட ஒரு வெளிநாட்டுப் பதிப்பாளரும், வெளிநாட்டு நூலைத் தமிழில் கொண்டுவர நம் பதிப்பாளரும் மேசைக்கு மேசை உட்கார்ந்து பேச வேண்டும். ஒலிபெருக்கியில் காணாமற்போன குழந்தையின் பெயரை அறிவித்துக்கொண்டிருக்கும் திடலிலே ஒப்பந்தம் பேச முடியுமா? அமைதி வேண்டும், மேசை வேண்டும், மழை ஒழுகாத கூரை வேண்டும். அந்த வேலைக்கு அந்த இடம் பொருத்தம்.

ஆனால் இதைக் கண்டவுடன், ஆகா, மக்கள் கண்காட்சியையும் அங்கேயே கொண்டுபோய்விடலாமே என்று எண்ணத் தோன்றும். மழை வந்தால் அந்த எண்ணம் வலுக்கும். 2024 சனவரியில் மழை பெய்து நந்தனம் மைதானம் சேறாகி, ஒருநாள் கண்காட்சியையே மூட நேர்ந்தது. நனைந்த புத்தகத்தை எந்தப் பதிப்பாளனும் விற்க முடியாது. கடன் வாங்கி அச்சடித்த சிறு பதிப்பாளனுக்கு அந்த ஒரு நாள் அடி வட்டியோடு சேர்ந்து விழும். அவன் மண்டபம் வேண்டும் என்று கேட்டால், கேட்காதே என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

ஆயினும் அவனே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். மண்டபத்துக்கு வாடகை சதுர மீட்டருக்கு, நாளுக்கு இவ்வளவு என்று. அந்த வாடகை கடைக்காரன் தலையில் ஏறும். கடைக்காரன் தலையிலிருந்து புத்தகத்தின் விலையில் ஏறும். அல்லது நுழைவுச் சீட்டில் ஏறும். மூன்று நாள் உரிமைக் கண்காட்சிக்கு அரசு செலவிடும். பதினேழு பதினெட்டு நாள் நடக்கும் மக்கள் கண்காட்சிக்கு மண்டப வாடகை கொடுத்து, எத்தனை சிறு பதிப்பாளர் நிற்பர்? பத்துக் கடை கொண்ட பெரிய நிறுவனம் நிற்கும். ஒற்றைக் கடைக்காரன் ஒதுங்குவான். மழையில் நனைந்து ஒருநாள் நட்டப்பட்டவன், வெயிலில் காய்ந்த மண்டபத்தில் முழுவதும் நட்டப்படுவான்.

பார்க்க வருகிறவன் கதை என்ன? செஞ்சியிலிருந்து சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போகும் தோழரை நினைத்துப் பாருங்கள். அவர் ஏறும் பேருந்து முன்பெல்லாம் கோயம்பேடு வரை போகும். 2023 திசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. அடுத்த மாதத்திலிருந்து தெற்கிலிருந்து வரும் பேருந்துகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து நகரப் பேருந்து பிடித்து நந்தனம் வரவேண்டும். நந்தனமாவது அண்ணா சாலை மேலே, மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்திலே இருக்கிறது. நந்தம்பாக்கத்துக்கு இன்னுமொரு பேருந்து மாற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் அவருக்கு ஓய்வு. பேருந்துக் காசு, சீட்டுக் காசு, உள்ளே ஒரு தேநீர்க் காசு எல்லாம் கூட்டிப் பார்த்தால் மகனுக்கு வாங்க நினைத்த அகராதியின் விலை வந்துவிடுகிறது. அவர் வரமாட்டார். அவர் வராததை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள், வந்தவர்களைத்தானே எண்ணுகிறார்கள்!

இலண்டன் மாநகரில் 1851இல் உலகமே வியந்த பெரும் பொருட்காட்சி நடந்தது. ஹைட் பார்க் பூங்காவில் இரும்பாலும் கண்ணாடியாலும் ஒரு மாளிகை எழுப்பினார்கள். தொடக்கத்திலே நுழைவுக் கட்டணம் உயர்ந்தது. சீமான்களும் சீமாட்டிகளும் பவனி வந்தனர். தொழிலாளர் கூட்டம் உள்ளே வந்தால் கலகம் நடக்கும் என்று பயந்தவர்களும் உண்டு. மே மாதக் கடைசியில், வாரத்தில் சில நாட்களுக்கு ஒரு ஷில்லிங் என்று கட்டணத்தைக் குறைத்தார்கள். என்ன நடந்தது? கலகமா? இரயிலேறி வந்த ஆலைத் தொழிலாளரும், கிராமத்து உழவரும், குடும்பத்தோடு வரிசையில் நின்று, இயந்திரங்களை வியந்து பார்த்துவிட்டு அமைதியாகத் திரும்பினர். மொத்தம் 60 லட்சம் நுழைவுகள் என்கிறது கணக்கு. அதில் பெரும்பங்கு அந்த ஷில்லிங் நாட்களுக்கு உரியது. கண்ணாடி மாளிகைக்குள்ளே வைத்தாலும் சரி, கட்டணத்தை இறக்கினால் உழைப்பாளி வருவான் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே மண்டபம் என்ற சொல்லையே பகையாகக் கருதும் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர் நாம். மதுரையைப் பாருங்கள். தமுக்கம் மைதானம் என்றால் தமிழகத்தில் அறியாதார் யார்? இராணி மங்கம்மாள் அரண்மனையை அடுத்த திடல்; 1981இல் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு கண்ட ஊரின் நடுத்திடல்; சித்திரைப் பொருட்காட்சியைத் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் வாய்பிளந்து பார்த்த இடம். அந்தத் திடலிலேயே மாநகராட்சி ஒரு மாநாட்டு மையத்தைக் கட்டியது. 2022இல் அது திறக்கப்பட்டு, அவ்வாண்டின் புத்தகத் திருவிழா கொட்டகையைத் துறந்து அதற்குள்ளே நடந்தது. இடம் அதே இடம், ஊரின் நடு, கட்டடம் மாநகராட்சியின் கட்டடம். மதுரைத் தொழிலாளி நடந்து வந்த பாதையிலேயே நடந்து வந்தான். இதைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் ஒன்று கேட்போம்: மண்டபம் எழும்பிய அளவுக்குத் திடல் குறைந்ததே, இராட்டினமும் மரணக்கிணறும் அப்பளக் கடையும் மண்டபத்துக்குள் போக முடியுமா? புத்தகத்துக்குக் கூரை கிடைத்ததில் மகிழ்ச்சி. இராட்டினத்தில் ஏற ஆசைப்படும் குழந்தைக்கும் ஊர் நடுவே இடம் இருக்க வேண்டாமா? திட்டம் தீட்டுகிறவர்கள் அதையும் சேர்த்துத் தீட்ட வேண்டும்.

இனி, நம் தரப்பாருக்கே கசப்பாக இருக்கக்கூடிய ஒன்றைச் சொல்ல வேண்டும். திடல், கொட்டகை, ஏழை எளியவர் என்று நாம் பேசும்போது, கொட்டகையிலே என்ன ஆபத்து இருக்கிறது என்பதை மறந்துவிட்டுப் பேசினால் அது நேர்மையாகாது.

2006 ஏப்ரல் 10. உத்தரப் பிரதேசம் மீரட் நகரம், விக்டோரியா பூங்கா. வீட்டு உபயோகப் பொருட்களுக்கான வணிகக் கண்காட்சி. திறந்த பூங்காவிலே மூடிய பந்தல்கள் போட்டு, உள்ளே குளிர்சாதனமும் வைத்து, பார்ப்பதற்கு மண்டபம் போலவே செய்திருந்தார்கள். கடைசி நாள்; கூட்டம் மிகுதி. தீப்பிடித்தது. செயற்கை இழைத் துணி உருகி ஓடியது. வெளியேற வழி போதவில்லை. 65 பேர் மாண்டனர். குழந்தைகளும் பெண்களும் அதிலே உண்டு. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போயிற்று. 2022இல், பதினாறு ஆண்டு கழித்து, நட்ட ஈட்டில் 60 பங்கு கண்காட்சி நடத்தியவர்கள், 40 பங்கு மாநில அரசு என்று பொறுப்பை வகுத்தது நீதிமன்றம். பந்தல் போட்ட ஒப்பந்தக்காரர் தலையிலே பழியைப் போட்டுத் தப்பிக்க நடத்தியவர்கள் செய்த வாதம் எடுபடவில்லை. பதினாறு ஆண்டு! பறிகொடுத்த குடும்பங்களின் குழந்தைகள் வளர்ந்து ஆளாகிவிட்ட காலம் அது.

வடக்கே நடந்தது என்று நாம் ஒதுக்கிவிடவும் முடியாது. சென்னையிலேயே 1886 திசம்பர் 31 அன்று, சென்ட்ரல் நிலையத்தை அடுத்திருந்த பீப்பிள்ஸ் பார்க் பூங்காவில் ஆண்டிறுதிப் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்தபோது கொட்டகை தீப்பற்றி நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். ஓலைக் கொட்டகை எரிந்த காலம் போய், நைலான் பந்தல் எரியும் காலம் வந்திருக்கிறது. ஓலையாவது எரிந்து சாம்பலாகும். நைலான் உருகித் தலைமேல் சொட்டும்.

மீரட்டின் பாடத்தை நாம் இப்படிப் படிக்கிறோம். திடலின் நன்மையும் அதில் இல்லை. மண்டபத்தின் நன்மையும் அதில் இல்லை. மண்டபத்தின் ஆடம்பரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மண்டபத்துக்குச் சட்டம் விதிக்கும் அகல வாசல், அவசர வழி, தீயணைப்புக் குழாய் ஆகியவற்றை விட்டுவிட்டார்கள். நாலாபுறமும் திறந்த கொட்டகையிலே தீப்பிடித்தால் நாலாபுறமும் ஓடலாம். நாலாபுறமும் மூடி, குளிர் வெளியே போகக்கூடாதென்று வாசலையும் குறுக்கினால், எங்கே ஓடுவது? நம் ஊர்களில் இன்று கோடைப் பொருட்காட்சி என்று போடப்படும் நீண்ட தகரக் குகைகளைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு இந்த நினைவுதான் வருகிறது. ஒரு முனையில் நுழைந்தால் மறுமுனை வரை போய்த்தான் வெளியேற வேண்டும். கடைகள் அனைத்தையும் பார்த்தே தீரவேண்டும் என்ற வணிகத் தந்திரம் அது. அந்தத் தந்திரம் தீயிடம் செல்லாது.

அந்தக் கொட்டகையைப் போடுகிறவன் யார்? நம் தோழன். மூங்கில் மேலே ஏறித் தகரம் அடிப்பவன், இரவோடிரவாக மின்கம்பி இழுப்பவன், கண்காட்சி முடிந்த இரவே பிரித்து லாரியில் ஏற்றுபவன். தொடக்க விழா அழைப்பிதழில் இருபது பெயர் அச்சாகும். அவன் பெயர் இருக்காது. இடுப்பிலே கட்டப் பாதுகாப்பு வார் உண்டா அவனுக்கு? விழுந்தால் யார் பொறுப்பு? கண்காட்சியை எங்கே வைத்தாலும் இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டியவர்கள் நாம். வேறு யாரும் கேட்கப்போவதில்லை.

இடமாற்றத்தைச் சரிவரச் செய்யாவிட்டால் தொழிலாளி எப்படித் திண்டாடுவான் என்பதைக் கோயம்பேடு காட்டியது. கொத்தவால்சாவடியின் நெரிசலிலிருந்து 1996இல் காய்கறி, பழ, பூ வணிகம் கோயம்பேட்டுக்குப் போனது. பழகக் கொஞ்ச காலம் ஆனாலும், அது திட்டமிட்டுக் கட்டிய அங்காடி. 2020 மே மாதம் கொரோனா தொற்று அங்கே பரவியதும், அங்காடியை மூடி, காய்கறியைத் திருமழிசைக்கும், பழத்தையும் பூவையும் மாதவரம் பேருந்து நிலையத்துக்கும் மாற்றினார்கள். உயிர் காக்கச் செய்த மாற்றம், வேறு வழியில்லை. ஆனால் திருமழிசைத் திடலிலே மழை பெய்தால் குளம். மூட்டை தூக்கும் தோழன் கணுக்கால் சேற்றில் நடந்தான். செப்டம்பர் இறுதியில் கோயம்பேடு மீண்டும் திறக்கும்வரை அந்தத் துன்பம் நீடித்தது. வணிகர் சங்கங்கள் முறையிட்டன. ஏடுகள் காய்கறி விலையை எழுதின. சுமை தூக்கியவன் கூலி என்ன ஆயிற்று என்பதை எழுதிய ஏடுகள் குறைவு.

அதே ஆண்டு இன்னொரு வேடிக்கை. நந்தம்பாக்கம் வர்த்தக மையம் கொரோனா நோயாளிகளுக்குப் படுக்கை போட்ட இடமாக மாறிற்று. பொருள் விற்கக் கட்டிய மண்டபம் உயிர் காக்க உதவியது. பொதுப்பணத்தில் பொதுக் கட்டடம் இருந்தால் இப்படித்தான் பயன்படும் என்று நாம் அப்போதே மகிழ்ந்தோம்.

செஞ்சிக்கு வருவோம்.

1597இல் இங்கே வந்த பிமென்டா என்ற ஏசுசபைப் பாதிரியார், லிஸ்பன் நகரம் ஒன்று நீங்கலாகத் தம் போர்ச்சுக்கல் நாட்டிலே இதற்கு ஈடான பெரிய நகரம் கிடையாது என்ற கருத்துப்பட எழுதிவைத்துப் போனார். அந்தச் செஞ்சி இன்று ஒரு பேரூராட்சி. திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே, இன்னும் இரயில் வராத ஊர். ஆனால் வணிகம் இந்த ஊரைவிட்டுப் போய்விடவில்லை. வெள்ளிக்கிழமை விடியுமுன் ஆட்டுச் சந்தைக்கு வந்து பாருங்கள். பண்டிகை நெருங்கிவிட்டால் வெளி மாவட்ட வியாபாரிகளின் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். துண்டுக்குள்ளே கைவிரல் பிடித்து விலை பேசும் அந்தச் சந்தையைவிடச் சிறந்த வணிகக் கண்காட்சியை எந்த மண்டபத்தில் காண முடியும்? அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் முன்னே நெல் மூட்டை ஏற்றிய வண்டிகள் நிற்கும் வரிசையும் நம் தோழர்கள் அறிந்ததே. இரண்டுமே பொதுச் சொத்து. இரண்டுமே உழவன் செருப்பைக் கழற்றாமல் நுழையக்கூடிய இடம்.

இங்கே ஒரு பொருட்காட்சி வருமானால், கோட்டைக்குள்ளே வைக்கலாம், கலியாண மகாலின் பின்னணியிலே படம் பிடிக்க அழகாயிருக்கும் என்று யோசனை சொல்லப் பலர் முன்வருவர். அந்த யோசனையை நாம் முளையிலேயே மறுக்கிறோம். கோட்டை, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குள் எழுத்துமூல அனுமதி இல்லாமல் கூட்டமோ விருந்தோ கேளிக்கையோ நடத்தக்கூடாது என்பது 1959 முதல் உள்ள விதி. 2010இல் சட்டத்தைத் திருத்தி, சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு என்றும் ஆக்கியிருக்கிறார்கள். விதியை விட்டுவிடுவோம், விளைவைப் பார்ப்போம். பந்தல் கால் ஊன்ற எங்கே தோண்டினாலும் பழைய செங்கல் கிடைக்கும் நிலம் அது. தவிர, கோட்டைக்குச் சீட்டு வாங்கித்தான் போக வேண்டும். அங்கே கடை வைத்தால் பொருட்காட்சிக்கு ஒரு சீட்டு, கோட்டைக்கு ஒரு சீட்டு என்றாகும். ஊர்க்காரன் தன் ஊர்ப் பொருட்காட்சியை மதிலுக்கு வெளியே நின்று பார்க்க வேண்டிவரும். முன்பு அரசர் காலத்தில் அப்படித்தான் நின்றான்!

பள்ளி மைதானம்? மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா என்று அரசு 2022 முதல் நடத்திவருவதை வரவேற்கிறோம். பல ஊர்களில் வேறு இடமில்லாமல் பள்ளி, கல்லூரித் திடல்களை நாடுகிறார்கள். விடுமுறை நாட்களில் என்றால் பாதகமில்லை. பள்ளி நாட்களில் என்றால் இரண்டு வாரம் கொட்டகை, முன்னும் பின்னும் ஒரு வாரம் குழியும் ஆணியும். வெறுங்காலில் ஓடும் பிள்ளைகள் நம் பிள்ளைகள்.

கலியாண மண்டபம்? ஐந்தாறு துணி வியாபாரிகள் வந்து இரண்டு நாள் தள்ளுபடி விற்பனை போட அது போதும். ஊர்ப் பொருட்காட்சிக்குப் போதாது. ஒற்றைப் படிக்கட்டு கொண்ட மாடி மண்டபங்களைப் பற்றி மேலே சொன்னதற்குமேல் சொல்ல விரும்பவில்லை.

ஆகவே நம் யோசனை இது. சந்தைத் திடலையே, அதன் பழைய வேலை கெடாமல், பொருட்காட்சித் திடலாகவும் ஆக்க வேண்டும். கல்தளம், மழைநீர் ஓடக் கால்வாய், சுவரில்லாத நிரந்தரக் கூரைக் கொட்டகைகள், நிலத்தடி மின்கம்பி, தீயணைப்பு வண்டி உள்ளே வந்து திரும்பும் அளவு பாதை, பெண்களுக்குத் தனிக் கழிப்பிடம், குடிநீர். வெள்ளிக்கிழமை ஆடு நிற்கும். பொருட்காட்சி நாட்களில் வெள்ளி காலை கடை திறக்க வேண்டியதில்லை, பிற்பகலில் திறந்தால் போதும். அறுவடை ஓய்ந்த மாதங்களில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் கொட்டகைகளையும் விவசாயக் கருவிப் பொருட்காட்சிக்குத் தரலாம். தரக்கூடாது என்று ஒரு காரணம் சொல்லட்டும், கேட்போம். கூரைக்குச் சுவர் வேண்டாம் என்று நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் மேலேயே சொல்லியாயிற்று. காற்றும் வரும், ஆளும் வெளியேற முடியும், வழிப்போக்கனும் உள்ளே என்ன நடக்கிறதென்று பார்க்க முடியும்.

வேண்டாத செலவு என்பார்கள். ஆண்டுதோறும் தகரத்துக்கும் மூங்கிலுக்கும் வாடகை கொடுத்து, ஆண்டுதோறும் பிரித்தெறிவதுதான் வேண்டாத செலவு. கடை ஏலத்தைப் பற்றியும் ஒரு சொல். மொத்தத் திடலையும் ஒரே ஒப்பந்தக்காரருக்கு ஏலம் விட்டால், அவர் தரைவாடகையை நினைத்தபடி உயர்த்துவார். பானை செய்பவரும் பாய் முடைபவரும் வாசலோடு நின்றுவிடுவர். கடைகளில் ஒரு பங்கை உள்ளூர்க் கைவினைஞருக்கும் மகளிர் குழுக்களுக்கும் குறைந்த வாடகையில் ஒதுக்கிவிட்டுப் பிறகு ஏலம் விடட்டும். நுழைவுச் சீட்டு வைப்பதானால் ஒரு தேநீரின் விலைக்கு மேல் வைக்கக் கூடாது. கடைசிப் பேருந்து புறப்படும் நேரத்தைப் பார்த்துக் கண்காட்சியை மூடும் நேரத்தை வைக்க வேண்டும். அல்லது மூடும் நேரத்தைப் பார்த்து மேல்மலையனூருக்கும் திண்டிவனத்துக்கும் ஒரு பேருந்தைக் கூடுதலாக விடவேண்டும்.

இவற்றைக் கேட்கப் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போகுமுன் கையில் கணக்கு இருக்க வேண்டும், தோழர்களே. வெறும் முழக்கத்தை அலுவலர்கள் கேட்டுப் பழகிவிட்டார்கள். எண்ணைக் கண்டால்தான் கோப்பைத் திறப்பார்கள். வருகிற வெள்ளிக்கிழமை, சந்தை கலைந்த பிறகு, கிளைக்கு இருவராகத் திடலைச் சுற்றி வாருங்கள். தண்ணீர்க் குழாய் எத்தனை, அதிலே தண்ணீர் வருவது எத்தனை. கழிப்பிடம் எத்தனை, அதற்குக் கதவு உண்டா. விளக்குக் கம்பம் எத்தனை, எரிவது எத்தனை. தீயணைப்பு வண்டி நுழையும் பாதை எத்தனை அடி அகலம். மழை பெய்தால் தண்ணீர் எந்த மூலையில் நிற்கிறது. ஆடு பிடித்து வந்த பெண்களிடம் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு அதையும் எழுதுங்கள். கையெழுத்திட்டு அனுப்புங்கள், வெளியிடுகிறோம்.